முகம் தெரியாத அளவு வெளிச்சம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒளிப்பதிவு மாணவர்களுக்கு,

மாணவக் குறும்படத் துறையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பட்டம் வாங்கியவர்களுக்கு அந்தத் துறையில் இடம் கிடையாது. இருபத்து நான்கு வயதில் ஓய்வு பெறக்கூடிய தொழில் அநேகமாக இது ஒன்றாகத்தான் இருக்கும். வழியனுப்பும்போது துறைத்தலைவர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். உங்களுக்குப் பயன்படும்படி இருக்க வேண்டும் என்றார். உற்சாகமூட்டும்படி இருந்தால் இன்னும் நல்லது என்றார். முதலாவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டேன்.

எந்த லென்ஸ், எந்த விளக்கு, எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் நீங்கள் கைப்பேசியில் பார்த்து என்னைவிட வேகமாகத் தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஏழு நிமிடப் படம் ஒன்றைப் பற்றி. அந்தப் படத்தில் ஒரு பெண்ணின் முகத்தை மறைப்பது என் வேலை. ஒருவரைக் காட்டுவது எப்படி என்று நமக்கு மூன்று ஆண்டுகள் கற்றுத் தருகிறார்கள். காட்டாமல் இருப்பது பாடத்திட்டத்தில் இல்லை. இனி வரும் பெயர்களும் சில விவரங்களும் மாற்றப்பட்டவை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

படத்தை இயக்கியவன் கிஷோர். அவனுடையது மூன்று தலைமுறைகளாகப் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பம். தாத்தா மாநில அரசுப் பணியில் இருந்தவர், பெற்றோர் இருவரும் மென்பொருள் நிறுவனங்களில் இருக்கிறார்கள். கிஷோர் கோபம் வந்தால் கன்னடத்திலும் சமாதானமானால் தமிழிலும் பேசுவான். ஒலிப்பதிவு செய்தவள் ஸ்டெல்லா. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு பிழைப்புக்காகப் பெங்களூரின் நீலசந்திராவுக்கு வந்து சேர்ந்த குடும்பம் அவளுடையது. ஒளிப்பதிவு நான். மூன்று பேர் சேர்ந்தால் குழு என்று கல்லூரி விதி சொல்கிறது. எனவே நாங்கள் குழு.

ஸ்டெல்லாவின் சித்தி லூர்து அக்கா ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடுகளுக்குச் சமைப்பவர். அங்கே வாசலில் ஒரு சிறு திரை இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணை அடித்தால் முகப்படம் வரும். பச்சை வந்தால் உள்ளே போகலாம். குடியிருப்பவர்கள் தங்கள் கைப்பேசியிலிருந்தே வேலைக்காரர்களுக்கு நட்சத்திரம் போடலாம், உணவகத்துக்குப் போடுவதைப்போல. யாராவது ஒருவர் புகார் கொடுத்து அந்த எண் முடக்கப்பட்டால் சிவப்பு வரும். அந்தச் சிவப்பு புகார் கொடுத்த வீட்டுக்கு மட்டுமல்ல, குடியிருப்பு முழுவதற்கும்.

லூர்து அக்காவோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு அப்படிச் சிவப்பு வந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று அவரே ஸ்டெல்லாவிடம் கேட்டார். நாங்கள் போய் யாரையும் தூண்டவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"மூஞ்சி தெரியக் கூடாது பாப்பா. தெரிஞ்சுதுன்னா நாளைக்கே கேட்ல என் நம்பரும் செவப்பாயிடும். ஒரு வூடு இல்ல, நாலு வூடும் ஒரே நாள்ல போயிடும். எம் பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம். இன்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

"மூஞ்சி தெரியாது அக்கா. கறுப்பா ஒரு உருவம் மட்டும்தான் தெரியும்" என்றேன்.

"கறுப்பாவா? நான் அவ்ளோ கறுப்பு இல்லையே" என்றார்.

அவருடைய வீட்டிலேயே படம் எடுத்தோம். ஒரே அறை, சந்துப் பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு பட்டர் பேப்பர் ஒட்டி, வெளியே கல்லூரியின் எல்.இ.டி. பேனலை நிறுத்தினேன். உள்ளே வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி முகத்தில் விழாதபடி, வீட்டில் இருந்த கம்பளிகளையெல்லாம் சுவரில் மாட்டினோம். லூர்து அக்கா ஜன்னலுக்கு முன்னால் அமர்ந்தார். மானிட்டரில் பார்த்தால், பின்னால் பால்போல வெள்ளை. முன்னால் கத்தரித்து ஒட்டியதுபோல ஓர் உருவம். கண், மூக்கு எதுவும் இல்லை. எனக்கு என்மேல் மரியாதை வந்தது.

பேச ஆரம்பித்த ஐந்தாவது வாக்கியத்தில் கிஷோரின் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி மணியடித்தது. அவர்கள் வீட்டுச் சமையல்காரர் வாசலைக் கடந்துவிட்டார் என்ற அறிவிப்பு. அவர்கள் குடியிருப்பிலும் அதே செயலிதான்.

"உங்க வூட்லயும் இது இக்குதா?" என்று லூர்து அக்கா விசாரித்தார்.

"அம்மாதான் போட்டாங்க" என்றான் கிஷோர்.

"அவளுக்கு எத்தினி ஸ்டாரு?"

கிஷோர் பார்த்துச் சொன்னான். அவர் தலையசைத்து, "பரவால்ல, நல்லாத்தான் சமைக்கறா போல" என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

அவர் சொன்னது இதுதான்: "என்கூட ஒருத்தி வேலை செஞ்சா. ஒரு வூட்டுல கொலுசு காணோம்னாங்க. ஒடனே இவ நம்பரை அமுக்கிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கொலுசு சோபாவுக்கு அடியில கெடைச்சுது. கெடைச்சப்புறம் நம்பரைத் தெறந்து வுடணும்னு யாருக்கும் நெனப்பு வரல."

கோபமில்லாமல் சொன்னார். அந்த வீட்டார் கெட்டவர்கள் என்றும் சொல்லவில்லை. நினைப்பு வரவில்லை என்று மட்டும் சொன்னார். காணாமல் போன பொருள் உண்மையில் கொலுசு அல்ல. படத்தில் ஒன்றாக மாற்றினோம், இங்கே இன்னொன்றாக மாற்றியிருக்கிறேன்.

இப்போது உங்களுக்குத் தொழில்நுட்பம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலாம் ஆண்டில் நம் ஆசிரியர் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி: இருட்டைச் சாகடிக்காதே. மானிட்டரில் கறுப்பாக இருக்கும் இடத்திலும் கோப்பில் விவரம் மிச்சமிருக்க வேண்டும். பிறகு தேவைப்பட்டால் மேலே எடுத்துக்கொள்ளலாம். இந்த விதி நம் எலும்பில் ஏறியிருக்கிறது. நானும் அந்த விதிப்படியே எடுத்தேன். ஆக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மறைத்து, கேமராவுக்குத் தெரியும் அளவுக்குப் பத்திரப்படுத்தினேன். ஒளிப்பதிவு படித்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தவறு செய்யத் தெரியாது.

அது சனிக்கிழமை மதியம், படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கிரேடிங் அறையில் தெரிந்தது. படத்தைத் திங்கட்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டும். ஆசிரியர் எங்கள் பின்னால் வந்து நின்று பார்த்தார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எழுதினால் அடைமொழி சேர்க்க வேண்டிவரும் என்று காரணமும் சொன்னார்.

"உருவம் நல்லா வந்திருக்கு. ஆனா கீழ ஏதாவது இருக்கா? கொஞ்சம் தூக்கிப் பாரு" என்றார்.

இருட்டை வெளிச்சமாக்கும் சக்கரத்தைக் கிஷோர் திருகினான். மின்வெட்டு முடிந்து வீட்டில் விளக்கு எரிவதுபோல லூர்து அக்காவின் முகம் வந்தது. முழு முகம். "யாருக்கும் நெனப்பு வரல" என்று சொல்லும்போது அவர் லேசாகச் சிரித்திருக்கிறார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும் சிரிப்பு. படம்பிடிக்கும்போது அதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மூன்று ஆண்டுகளில் நான் எடுத்த மிகச் சிறந்த முகம் அது. எடுத்ததாகவே எனக்குத் தெரியாது.

"இதுதான் படம்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த குழுவைப் பார்க்கப் போனார்.

"முழுசா வேணாம். பாதி. ஒரு பக்கம் மட்டும், அந்தச் சிரிப்புக்கு மட்டும் கொஞ்சம்" என்றான் கிஷோர்.

"எங்க சித்தி மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் வராது. வந்தா முழுசாத்தான் வரும்" என்றாள் ஸ்டெல்லா.

"அவங்க யாருன்னு அந்த நாலு வீட்டுக்குத்தான் தெரியும். நம்ம படத்தை அவங்களா பார்க்கப் போறாங்க?"

"பார்க்க மாட்டாங்கன்னு எழுதிக் குடுப்பியா?"

கிஷோர் கன்னடத்தில் ஏதோ சொன்னான். பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்துத் தமிழுக்கு வந்தான். "அனு, யோசிச்சுப் பாரு. கறுப்பா ஒரு உருவம் உக்காந்து பேசினா டிவில வர்ற குற்றவாளி மாதிரி இருக்கு. அவங்க என்ன தப்பு செஞ்சாங்க? மூஞ்சி இல்லாட்டா இதை ஒருத்தர்கூட நம்ப மாட்டாங்க. கட்டுக்கதைன்னு சொல்லிட்டுப் போவாங்க."

இந்த வாதத்தை நீங்கள் எளிதாக எண்ணிவிடக் கூடாது. அவன் பேராசையில் பேசவில்லை. அவன் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. முகத்தை மறைப்பது ஒருவரைக் காப்பாற்றுகிறது. அதே வேளையில் அவருடைய சொல்லின் எடையையும் குறைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்று கையேட்டில் எழுதவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதை மேலும் கீழும் திருகிக்கொண்டு, எவ்வளவு முகம் தெரிந்தால் அது முகம் ஆகும் என்று வாதாடிக்கொண்டிருந்தோம். மதிய உணவு அப்படியே இருந்தது.

வாதத்தில் யாரும் ஜெயிக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் நான் வேறு ஒன்று செய்தேன். மிக இருட்டான வடிவத்தை எடுத்துக்கொண்டேன். முதலில் எடுத்தபடியே, ஒரு பொட்டு முகமும் தெரியாத வடிவம். அதை மடிக்கணினியில் போட்டு, ஒலியை அடைத்து, அன்று மாலையே நீலசந்திராவுக்கு எடுத்துப்போனோம். லூர்து அக்கா வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. மாடி வீட்டுக் கலா அக்கா தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தார். வீட்டிலிருந்தே ரவிக்கை தைப்பவர். படம்பிடித்த நாளில் அவர் ஊருக்குப் போயிருந்ததால் எதையும் பார்த்திருக்கவில்லை. எதுவும் சொல்லாமல் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

ஒரு நொடி பார்த்தார். "நம்ம லூர்து. ஏன் இருட்டுல உக்காந்திருக்கா? கரண்ட் பில்லு கட்டலையா?"

"எப்படிக்கா தெரிஞ்சுது?" என்றான் கிஷோர்.

"காது தெரியுது பாரு. அப்புறம் அந்தக் கொண்டை. கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு பேசறது அவதான். ஊருக்கே தெரியுமே."

மதியம் முழுவதும் நாங்கள் சண்டை போட்டது எந்த அளவு முகத்தைக் காட்டலாம் என்று. முகமே தேவையில்லை என்று கலா அக்கா ஊசியில் நூல் கோத்தபடி முடித்துவிட்டார். தினமும் தங்கள் சமையலறையில் லூர்து அக்காவின் முதுகைப் பார்க்கும் நான்கு வீட்டுக்காரர்களுக்கு அந்தக் கொண்டை போதும். என் அழகான நிழலுருவம் ஓர் அடையாள அட்டையைவிடத் துல்லியமாக இருந்தது.

லூர்து அக்கா வந்ததும் எல்லாவற்றையும் காட்டினோம். மேலே தூக்கிய முகத்தையும் காட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதைப் பார்த்தால் பயந்து படமே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று கிஷோர் பயந்தான். அப்படிச் சொல்வதற்கும் அவருக்கு உரிமை இருக்க வேண்டும் என்றேன். இருவரும் சொன்னது நடக்கவில்லை. அவர் தன் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா இக்கறேன் இல்ல?" என்றார்.

"சூப்பரா இருக்கே சித்தி."

"இத்தை எனக்குப் போட்டோவா அனுப்பு. அவருக்குக் காட்டணும், இருபது வருசமா என்னைப் பார்த்ததே இல்லாத மாதிரி இக்கறாரு." அப்புறம் என்னைப் பார்த்தார். "படத்துல வேணாம். ஆமா, இருட்டுதான்னு சொன்ன. இருட்டுல எப்படித் தெரியுது?"

கேமரா கண்ணைவிட அதிகம் பார்க்கும் என்று விளக்கினேன்.

"அப்போ அதுக்குத்தான் நீ சொல்லியிருக்கணும், மூஞ்சி தெரியக் கூடாதுன்னு" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து ஒரு வீட்டில் மட்டும் சமைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். அதற்குள் நான் வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். கைகளை மட்டும் எடுக்கலாம் என்றால், மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு இருந்தது. படத்தை மங்கலாக்கலாம் என்றால், மங்கலிலும் கழுத்து சாய்ந்தது. கடைசியில் அவரை லென்ஸுக்கு முன்னால் வைப்பதையே விட்டுவிட்டேன். கேமராவை எதிர்ச்சுவரைப் பார்த்து வைத்து, அவருடைய நிழலை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன். லென்ஸ் பார்க்கும் இடத்தில் அவர் இல்லாவிட்டால், சக்கரத்தை யார் எவ்வளவு திருகினாலும் சுவரில் சுண்ணாம்பு மட்டும்தான் வரும்.

ஆனால் நிழலுக்கும் காது உண்டு. சிறிய விளக்காக இருந்தால் நிழலின் விளிம்பு கத்திபோல விழும். விளக்கு பெரிதாகி, ஆள் சுவரைவிட்டு விலகிவந்தால் விளிம்பு கரையும். அந்த அறையில் பெரிய விளக்கு வைக்க இடமில்லை. எனவே கதவைத் திறந்துவிட்டு, வாசல்நிலை முழுவதும் வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டினோம். பேனலைச் சந்தில் நிறுத்தி வெளிச்சத்தைப் பெட்ஷீட்மேல் அடித்தோம். வாசல் அளவுக்கு ஒரு விளக்கு கிடைத்தது. சந்து அடைபட்டது. ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் விளக்கு ஸ்டாண்டைத் தூக்கி வழிவிடும் வேலை கிஷோருக்கு. வந்தவர்கள் எல்லாரும் கதாநாயகன் யார் என்று கேட்டார்கள். அவன்தான் என்று ஸ்டெல்லா உள்ளேயிருந்து சொன்னாள். சுவரில் இருந்த, அந்த வட்டாரத்துப் பங்குக் கோவில் காலண்டரைக் கழற்றினோம். பங்கின் பெயர் தெரிந்தால் பாதி விலாசம் தெரிந்ததுபோல.

ஒளிமானி என்னிடம் இருந்தது. ஆனால் இந்த வெளிச்சத்தை அளக்க அது உதவாது. மானிட்டரைச் சந்தின் ஓரம் வைத்து, கலா அக்காவை அதன் முன்னால் உட்காரவைத்தோம். அவருக்கு அறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. திரையில் சுவர் மட்டும்தான் தெரியும். உள்ளே லூர்து அக்காவும், அவருடைய மகளும், பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

முதலில் லூர்து அக்காவைச் சுவருக்கு அருகே உட்காரவைத்தேன்.

"லூர்து" என்றார் கலா அக்கா.

ஓரடி விலக்கினேன்.

"லூர்துதான். கொண்டை மாட்டிக்கிச்சு."

வேறு ஒரு பெண்ணை உட்காரவைத்தேன். சரியாகச் சொன்னார். மகளை உட்காரவைத்தேன். அதையும் சொன்னார். எல்லாரையும் இன்னும் விலக்கினேன், இன்னும். மறுபடி லூர்து அக்கா.

"இவ... லூர்து தங்கச்சி மாதிரி இருக்கு. இல்ல, இல்ல. தெரியல."

இன்னும் கொஞ்சம்.

"யாரோ பொம்பள" என்றார் கலா அக்கா. குரலில் தோல்வி தெரிந்தது.

நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக இன்னும் ஓரடி விலக்கினேன்.

"பீரோவா?" என்றார்.

அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். யாரோ ஒரு பெண் என்று தெரிய வேண்டும். எந்தப் பெண் என்று தெரியக் கூடாது. பீரோவாகவும் ஆகிவிடக் கூடாது. தலைப்பில் நான் சொன்ன "அளவு" இதுதான்.

முகம் முடிந்தது, குரல் என்ன செய்வது என்று ஸ்டெல்லா கேட்டாள். அந்த நான்கு வீட்டாரும் தினமும் கேட்கும் குரல். கணினியில் மாற்றிப் பார்த்தோம். குழந்தையைக் கடத்திவிட்டுப் பணம் கேட்பவர்போல இருந்தது.

"நான் பேசறேன்" என்றார் கலா அக்கா. "எனக்கு எந்த கேட்டும் இல்ல, எந்த நம்பரும் இல்ல. என் ஸ்டாரை யாரு எடுப்பாங்க?"

லூர்து அக்கா சொல்லச் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டு பேசினார். பக்கத்து அறை இல்லாததால் போர்வைக்குள் உட்கார்ந்து பேசினார். நடுநடுவே சொந்தச் சரக்கும் சேர்ந்தது.

"அக்கா, கோபம் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. அவங்க இதைக் கோபமா சொல்லலை" என்றான் கிஷோர்.

"அவ படல. அதான் நான் படறேன்."

"வேணாங்கா."

"அந்த வூட்டுக்காரியை ஒரு வார்த்தைகூடத் திட்டக் கூடாதா?"

"ஒரு வார்த்தைகூட வேணாம்" என்றார் லூர்து அக்கா. ஆறாவது முயற்சியில் கலா அக்கா திட்டாமல் பேசிமுடித்தார்.

திங்கட்கிழமை காலை ஆசிரியர் பார்த்தார். "முகம் எங்கே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். முதலில் எடுத்த பதிவு கல்லூரிக் கணினியில் இருக்கிறது, அதை அழிக்க வேண்டும் என்றும் சொன்னேன். மாணவர் படங்களின் மூலப் பதிவை அழிக்கக் கூடாது என்பது விதி என்றார். விதியைத் தெளிவாக, முழுமையாக எங்களுக்கு எடுத்துரைத்தார். பிறகு, தான் டீ குடிக்கப் போவதாகவும் திரும்ப நேரமாகும் என்றும் சொல்லி, கணினியில் தன் கணக்கிலிருந்து வெளியேறாமல் எழுந்து போனார். லூர்து அக்கா கேட்ட ஒரே ஒரு படத்தை அவருக்கு எடுத்துக்கொடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்தோம். கடைசிப் பொத்தானைக் கிஷோர்தான் அழுத்தினான். அழுத்துவதற்கு முன்னால் அந்தச் சிரிப்பை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தான். நான் தடுக்கவில்லை.

நம் துறையில் மாணவர் படங்களைத் திரையிடும் நாளில் பெற்றோரையும் அழைப்பது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். லூர்து அக்காவும் வருவேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்டெல்லாவின் உறவினராக, கலா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். படம் ஓடியது. சுவரில் யாரோ ஒரு பெண் பேசினாள். கைதட்டினார்கள். லூர்து அக்காவும் தட்டினார்.

வெளியே சமோசாவும் டீயும் வைத்திருந்த இடத்தில் கிஷோரை ஒருவர் பிடித்துக்கொண்டார். அவனுடைய குடியிருப்பில் இருப்பவர். அவன் அம்மாவோடு வந்தவர். ரேவதி ஆன்ட்டி என்று அவன் அழைப்பான்.

"டேய் கிஷோர், நிஜத்தைச் சொல்லு. அது எங்க வீட்டு சுஜாதாதானே?"

"யாரு ஆன்ட்டி?"

"எங்க வீட்ல சமைக்கறாளே, சுஜாதா. அந்த நிழல் அவளேதான். கழுத்தைச் சாய்க்கறது அப்படியே அவதான். இவ்ளோ மனசுல வெச்சிருக்காளா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

கிஷோர் என்னைப் பார்த்தான்.

யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தெரியும்படி ஒருவரை மறைப்பதில் நாங்கள் வெற்றி பெற்றிருந்தோம். அப்படியானால் அது சுஜாதாவாகவும் இருக்கலாம். நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத, எங்களிடம் எதற்கும் சம்மதம் சொல்லாத ஒரு பெண்ணின் எண் அப்போது அந்த ஆன்ட்டியின் கைப்பையில், கைப்பேசிக்குள் இருந்தது. இல்லை என்று சொன்னால், பின்னே யார் என்று கேட்பார். ஒவ்வொரு பெயருக்கும் இல்லை, இல்லை என்றால் கடைசியில் ஒரு பெயர் மிஞ்சும். பதில் சொல்லாவிட்டால், ஆமாம் என்று பொருள். இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் கலா அக்கா கையில் சமோசாவோடு நடுவில் வந்துவிட்டார்.

"அது நான்தான் மேடம்."

"நீங்களா?"

"யாருக்கும் நெனப்பு வரல" என்று படத்தில் வந்த அதே குரலில் சொல்லிக்காட்டினார். இந்த முறை கொஞ்சம் கோபம் சேர்ந்திருந்தது.

"அட, அதே குரல்! நீங்க எந்த அபார்ட்மென்ட்ல வேலை பண்றீங்க?"

"எந்த அபார்ட்மென்ட்லயும் இல்ல. நான் நீலசந்திராவுல ப்ளவுஸ் தைக்கறேன். பசங்க பேசச் சொன்னாங்க, பேசினேன். சினிமாதானே மேடம்."

ரேவதி ஆன்ட்டியின் முகம் தெளிந்தது. நிம்மதி தெரிந்தது; சுஜாதாவுக்காகவும் கொஞ்சம் நிம்மதி என்றே நினைக்கிறேன். "அதானே பார்த்தேன். பொருள் கிடைச்சப்புறம் நம்பரைத் திறந்துவிட மறப்பாங்களா யாராவது? நிஜத்துல அப்படியெல்லாம் நடக்காது. ஆனா நல்லா எடுத்திருக்கீங்கப்பா." ரவிக்கையில் ஆரி வேலை செய்வீர்களா என்று கலா அக்காவிடம் கேட்டு, கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு போனார்.

இது நடந்த இடத்துக்கு இரண்டடி தள்ளி லூர்து அக்கா டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. கிஷோர் அவரிடம் போய் எதையோ சொல்ல வாயெடுத்தான். தமிழும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை.

"நடக்காதாம்" என்றார் லூர்து அக்கா. வாயின் ஒரு பக்கம் மேலே போனது.

முகம் இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள் என்று கிஷோர் கிரேடிங் அறையில் சொன்னான். அப்படியே நடந்தது. இது நல்லபடியாக முடிந்த கதை என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. ஒருவருடைய எண்ணைக் காப்பாற்ற அவருடைய சொல்லைப் பொய்யாக்க வேண்டியிருந்தது. அதையும் நாங்கள் முடிவு செய்யவில்லை. கலா அக்கா செய்தார். நான் கற்றுக்கொண்டது குறைவுதான். விளக்கை வைக்கும் முன், இவர் அடையாளம் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தெரியாவிட்டால் இவருக்குப் பதிலாக யார் மாட்டுவார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காமல் போகலாம். அப்போதும் எடுப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் விளக்குக்கு முன்னால் இருப்பவர். பின்னால் இருப்பவர் அல்ல. ஆசிரியர் எங்கள் படத்துக்கு ஒளிப்பதிவில் நடுத்தரமான மதிப்பெண் போட்டார். நிழலின் விளிம்பு நன்றாக இருந்தது என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

பேருந்தில் திரும்பும்போது லூர்து அக்காவிடம் கேட்டேன், அந்த முகத்தையே வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறதா என்று.

"அவங்க நம்பினா எனக்கு இன்னா கெடைக்கும்? நம்பலன்னா நாளைக்கு நாலு வூடு கெடைக்குது." கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா அந்தம்மா சுஜாதாகிட்ட ஏதாச்சும் கேட்டுடப் போவுது. பார்த்துக்கச் சொல்லு அந்தப் பையனை" என்றார்.

கிஷோர் பார்த்துக்கொண்டான். மறுநாள் காலை சுஜாதா வழக்கம்போல ரேவதி ஆன்ட்டி வீட்டுக்குள் போனதைத் தன் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு எங்களுக்குச் செய்தி அனுப்பினான். லூர்து அக்காவிடமிருந்து செய்தி வரவில்லை. ஸ்டெல்லா பொறுக்க முடியாமல் அழைத்தாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"பச்சை வந்திச்சா சித்தி?"

"வந்திச்சு, வந்திச்சு. வையி, பருப்பு பொங்குது" என்று வைத்துவிட்டார்.